தோள் மாற்றும் இடம்

சாலைக் கடைத்தெருவைத் தாண்டி ஆரியசாலைக்குள் பல்லக்கு திரும்பியபோது என் வலது தோள் மரத்துப்போயிருந்தது. ரெம்யாவின் வீட்டுக்கு இன்னும் ஒன்பது வீடு.

ரெம்யா என் மனைவி. பல்லக்கில் இருப்பது வேளிமலை குமாரசாமி.

வருஷாவருஷம் நவராத்திரிக்கு குமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் சாமி, கொரோனா வருஷத்திலும் கிளம்பிவிட்டார். களியக்காவிளை எல்லைச் சாவடியில் அவரிடம் யாரும் இ-பாஸ் கேட்கவில்லை.

என்னிடம் கேட்டிருந்தார்கள். மூன்று தடவை விண்ணப்பித்து, மூன்று தடவையும் தள்ளுபடி. கிடைத்திருந்தாலும் கேரளத்தில் பதினாலு நாள் அறைக்குள்ளேயே கிடக்க வேண்டும். திரும்பிப் போனால் தமிழ்நாட்டில் ஏழு நாள். ஒரே வியாதி, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு, இந்தப் பக்கம் ஒரு கணக்கு. யாரிடம் கேட்டாலும் உத்தரவு அப்படி என்றார்கள்.

பிரசவத்துக்கு ரெம்யா தாய்வீடு வந்து, பிள்ளை பிறந்து, நாற்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. நான் இன்னும் பார்க்கவில்லை. போனில்கூட இல்லை. பச்சைப்பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று என் மாமியார் மங்கலம் தடை போட்டிருந்தார். அழுகைச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் ஓயாத அழுகை.

இந்த நேரம் பார்த்துத்தான் சாமி சுமப்பவர்களில் இரண்டு பேருக்கு பாசிட்டிவ் என்று வந்தது. நான் போய் நின்றேன். சாமி சுமந்து பழக்கமில்லை, சிமெண்டு மூட்டை சுமந்திருக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். தலைவர் பகவதிப்பெருமாள் அண்ணன் என் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

மூக்கில் குச்சி விட்டார்கள். நெகட்டிவ். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் சட்டதிட்டம் எல்லாம் வாசித்தார்கள். சுமப்பவர்கள் கோயில் மதிலைவிட்டு வெளியே போகக் கூடாது. உறவுக்காரர்களைப் பார்க்கக் கூடாது. மேளம் கூடாது. வீட்டு முன்னால் பல்லக்கு நிற்காது, தட்டு வைத்து வரவேற்க முடியாது. வாசலிலும் யாரும் நிற்கக் கூடாது. ஜன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொள்ளலாம்.

ரெம்யா மாடி ஜன்னலில் நிற்பதாகச் சொன்னாள். மாமியாருக்கு முட்டுவலி, படியேற மாட்டார். அவள் நின்று என்ன பயன்? தண்டு தோளில் இருக்கும்போது தலை நிமிராது. நிமிர்த்தினால் பல்லக்கு சாயும். நாற்பத்திரண்டு நாள் காத்திருந்துவிட்டு முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே வீட்டைக் கடக்க வேண்டியதுதான்.

பல்லக்கு நிற்க ஒரே வழி தோள் மாற்றுவது. தண்டுக்கு முட்டுக்கம்பு கொடுத்து, வலப்பக்கத்துக்காரர்கள் இடப்பக்கம் வர அரை நிமிஷம். அதற்குக் குரல் கொடுக்க பகவதிப்பெருமாள் அண்ணனுக்கு மட்டும்தான் உரிமை. பாறசாலையிலேயே அவரிடம் பச்சைக் கதவு வீடு என்று சொல்லி வைத்தேன். வெற்றிலையை மென்றுகொண்டே நடந்தார்.

இன்னும் மூன்று வீடு. இரண்டு. பச்சைக் கதவின் அடிப்பாகம் கண்ணில் பட்டது. அண்ணன் குரல் கொடுக்கவில்லை. அவரையும் சாமியையும் சேர்த்து மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

"தோள் மாத்து!"

முட்டுக்கம்புகள் தரையில் ஊன்றின. நான் நிமிர்ந்தேன்.

ஜன்னல் ஓராள் அகலம். கம்பிகளுக்குப் பின்னால் ரெம்யா, அவள் கையில் மஞ்சள் துணிச்சுருள். முகத்துப் பக்கம் துணியை விலக்கிக் காட்டினாள். சுருங்கிய நெற்றி, என் அம்மாவின் மூக்கு. இடப்பக்கம் போக வேண்டிய நான் நடுத்தெருவில் நின்று அழுதேன். கொஞ்சமும் வெட்கமாக இல்லை.

"இவிடே நிக்கான் பாடில்லா!"

கூடவே நடந்து வந்த போலீஸ்காரம்மா ஷில்பா, இங்கே நிற்கக் கூடாது என்று லத்தியால் தரையைத் தட்டினார். நான் ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். தண்டு இடது தோளில் ஏறியது. ஓரடி எடுத்து வைத்தோம். மேலே ரெம்யா ஏதோ கத்துவதும், அவள் உள்ளே ஓடுவதும், மரத்தரை அதிர்வதும் கேட்டன. தலையைத் தூக்க முடியவில்லை.

போலீஸ்காரம்மாவின் பூட்ஸ் என் பக்கத்தில் வந்து நின்றது. போச்சு, கேஸ் எழுதப்போகிறார் என்று நினைத்தேன். பூட்ஸ் மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பியது. குதிகால் எம்பியது, மாடியைப் பார்க்கிறார்.

"சேட்டா, மற்றே தோளும் கூடி மாற்றிக்கோ."

மற்றத் தோளையும் மாற்றிக்கொள்ளச் சொன்னது அண்ணனிடம். அவர் இதற்காகவே காத்திருந்தவர்போலக் குரல் கொடுத்தார். மறுபடியும் முட்டுக்கம்பு ஊன்றினோம். இந்தத் தடவை யாரும் பக்கம் மாறவில்லை. எட்டுப் பேரும் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்தோம்.

ரெம்யா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். கையில் நீலத் துணி. அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் வெளியே வந்து ஜன்னல் கம்பியை உதைத்தது.

முதலில் "ஹரோ ஹரா" என்று கத்தியது போலீஸ்காரம்மாதான். பிறகு நாங்கள் எட்டுப் பேர். பிறகு தெருவில் திறந்திருந்த ஜன்னல் எல்லாம். மேளத்துக்குத்தானே தடை, தொண்டைக்கு இல்லையே. எனக்குக் காது அடைத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

மஞ்சள் துணியில் பார்த்தது என் மகளை. நீலத் துணியில் உதைத்தவன் அவளுக்கு ஏழு நிமிஷம் இளைய தம்பி.