தார்ப்பாய்க்குள் ஓர் இன்ஜின்

“இன்னா மாமா, இன்ஜினுக்குப் போர்வை போத்திக்கினு கீற? குளிர் ஜுரமா அதுக்கு?”

மனைவி காந்திமதி கேட்டதும் பரசுராமன் தார்ப்பாய்க் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

“சும்மா இருமே. அமெரிக்காலேர்ந்து வெள்ளைக்காரர் வர்றாரு. நானூறு புல்லி ஆர்டர். இந்தக் கரி புடிச்ச டீசல் இன்ஜினைப் பார்த்தார்னா வந்த கார்லயே திரும்பிடுவாரு.”

அது 1991. பிள்ளைப்பாக்கத்தில் வயலை ஒட்டி இருந்த அவர்கள் பட்டறைக்கு மின்கம்பம் இன்னும் வந்து சேரவில்லை. இருந்தது ஒரே ஒரு டீசல் இன்ஜின். அது கூரைக்குக் கீழே நீளமாகப் போகும் ஓர் இரும்புத் தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து இறங்கும் பெல்ட், கடைசல் எந்திரமான லேத்தைச் சுழற்றும். அரிசி ஆலைகளில் பெல்ட் ஓடுகிற இரும்புச் சக்கரங்களை, அதாவது புல்லிகளை, கடைந்து கொடுப்பதுதான் தொழில். பரசுராமன் அலைந்து ஆர்டர் பிடிப்பான். லேத்தில் நிற்பது பெரும்பாலும் காந்திமதி.

ஆலைகள் ஒவ்வொன்றாகக் கரண்ட் மோட்டாருக்கு மாறிவிட்டன. மாதத்துக்கு நாலு புல்லி போனாலே பெரிய விஷயம். இந்த ஆர்டரும் கிடைக்காவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு, சுங்குவார்சத்திரம் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனியில் ஷிப்டுக்குப் போவது என்று பரசுராமன் முடிவு செய்திருந்தான்.

அதனால்தான் இந்த ஏற்பாடு. வாசலில் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் ஒன்று வாடகைக்கு வந்து உறுமிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஆறு டியூப்லைட் எரிந்தது. தண்டைப் பந்தல் துணியால் மறைத்து, பெல்ட்டைக் கழற்றி மூட்டைக்குள் திணித்துவிட்டு, லேத்தின் பக்கத்தில் இரவல் மோட்டார் ஒன்றை வைத்திருந்தான்.

“வாழைமரம் ஒண்ணுதான் பாக்கி. கட்டிடவா? வெள்ளைக்காரர் மொய் வெச்சாலும் வெப்பாரு.”

“வாயை மூடுமே, கார் வருது!”

சென்னை ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து ஜீவானந்தம் இறங்கினார். கூடவே உயரமான ஒரு வெள்ளைக்காரர். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். உள்ளங்கை காய்ப்புக் காய்த்திருந்தது.

கடைந்து வைத்திருந்த புல்லி ஒன்றை எடுத்து விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அண்ணாந்து டியூப்லைட்டுகளைப் பார்த்தார். ஜீவானந்தத்திடம் ஏதோ கேட்டார்.

“இங்க எல்லாம் கரண்ட்லதான் ஓடுதான்னு கேக்கறார்.”

“நூத்துக்கு நூறு கரண்ட் சார்! பெல்ட்டுன்ற பேச்சே இங்க கிடையாது.”

“அந்தத் தார்ப்பாய்க்குள்ள என்னன்னு கேக்கறார்.”

பரசுராமன் வாயைத் திறப்பதற்குள் காந்திமதி முந்திக்கொண்டாள்.

“எங்க மாமனார் வாங்கி வெச்சது சார். வெளில காட்டுனா இவருக்கு வெக்கம்.”

வெள்ளைக்காரர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். கை குலுக்கினார். காருக்கு நடந்தார்.

“பார்த்தியா, மனுசன் அசந்துட்டாரு,” என்று கிசுகிசுத்தான் பரசுராமன்.

ஜீவானந்தம் பின்தங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். “தப்பா எடுத்துக்காதீங்க. வேலை சுத்தமா இருக்கு. ஆனா இந்த ஆர்டர் உங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்லிட்டார்.”

கார் கிளம்பியது. பரசுராமன் அப்படியே மரப்பெட்டியில் உட்கார்ந்தான்.

“இன்னும் நாலு டியூப்லைட் போட்டிருக்கணுமே.”

வேறு நேரமாக இருந்தால் காந்திமதி விட்டிருக்க மாட்டாள். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து, தோளை மட்டும் தட்டினாள்.

“ஏந்திரு மாமா. படப்பை ரைஸ்மில்லுக்கு மத்தியானத்துக்குள்ள புல்லி குடுக்கணும். வூட்டுல அடுப்பு எரியணுமில்ல?”

தார்ப்பாயையும் பந்தல் துணியையும் உருவி எறிந்தாள். ஜெனரேட்டரை அணைத்தாள். பெல்ட்டை எடுத்து மாட்டிவிட்டு, கைப்பிடியைப் போட்டு இன்ஜினைச் சுழற்றினாள். இரண்டு தடவை இருமிவிட்டு அது ‘டக்கு டக்கு’ என்று ஓட ஆரம்பித்தது. தண்டு சுற்றியது. லேத் சுற்றியது.

அந்தச் சத்தம் கேட்டு, ரோட்டு முனையில் திரும்பப் போன கார் நின்றது. ரிவர்ஸிலேயே பட்டறைக்குத் திரும்பி வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெள்ளைக்காரர் ஏறக்குறைய ஓடி வந்தார்.

“ஐயோ, பார்த்துட்டாரே!” பரசுராமன் பதறி எழுந்தான். “சார், இது சும்மா... ஒரு அவசரத்துக்கு...”

வெள்ளைக்காரர் அவனைக் கவனிக்கவே இல்லை. தண்டைப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். இன்ஜின் மேல் கையை வைத்துக்கொண்டு படபடவென்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஜீவானந்தம் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இதை எதுக்குங்க மூடி வெச்சீங்க? இவர் ஊர்ல ஆமிஷ்னு ஒரு கிறிஸ்தவச் சமூகம் இருக்கு. கரண்ட் கம்பியே வேணாம்னு இருக்கறவங்க. அவங்க தச்சுப் பட்டறையெல்லாம் இதே மாதிரி டீசல் இன்ஜின், தண்டு, பெல்ட்தான். கார் வெச்சுக்க மாட்டாங்க, ஏரோப்ளேன்லயும் ஏற மாட்டாங்க. அதான் பக்கத்துப் பண்ணைக்காரரான இவரை அனுப்பியிருக்காங்க. தன் பட்டறையையே புல்லியில ஓட்டுறவன்கிட்டதான் புல்லி வாங்கணும்னு சொல்லியனுப்பினாங்களாம். நானூறும் உங்களுக்குத்தான்!”

பரசுராமன் தார்ப்பாயைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

“அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!”

“எப்படிங்க சொல்றது? சொன்னா, ஆர்டருக்காக எவனாவது ஒரு டீசல் இன்ஜினை வாடகைக்குக் கொண்டாந்து வெச்சு எங்களை ஏமாத்திடுவானே!”