மனிதக் கை படாத எந்திரம்

"நாளையோட மனுஷக் கைக்கும் தீயணைப்புக்கும் உள்ள உறவு முடிஞ்சுது," என்றான் விஞ்ஞானி. முகத்தில் சிரிப்பே இல்லை.

விஞ்ஞானி என்பது வகுப்பு வைத்த பெயர். இறுதியாண்டு ப்ராஜெக்டில் இரண்டு முறை தோற்றதற்காக வைத்தது. அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான்.

எதிரே ரோபோ நின்றது. நான்கு சக்கரம், முதுகில் சிவப்புச் சிலிண்டர். நாளை அது தேர்வாளர் முன்னால் உருண்டு போய் ஒரு தட்டுத் தீயை அணைக்க வேண்டும். சிலிண்டரின் கைப்பிடியை எதை வைத்து அழுத்துவது என்பதில்தான் இரண்டு மாதமாகச் சண்டை.

"அண்ணா, சைக்கிள் பிரேக் ஒயர் போதும்," என்றாள் கூட்டாளி. கல்லூரியில் ஸ்பேனர் என்றால்தான் அவளைத் தெரியும். "ஒரு முனை கைப்பிடியில, இன்னொரு முனை நம்ம கையில. இழுத்தா அழுத்திடும்."

"அதுக்கு எதுக்கு ரோபோ? பொம்மலாட்டம் போடலாமே. நீ பின்னாடி நின்னு குரல் குடு, நான் வாசல்ல டிக்கெட் கிழிக்கிறேன்."

"உங்க மோட்டார் பத்துல மூணு தடவைதான் அழுத்துது."

"அந்த மூணு தடவையும் தன்மானத்தோட அழுத்துச்சு."

"தன்மானத்தை வெச்சுத் தீயை அணைக்க முடியுமா? நாளைக்கு அணையலைன்னா மறுபடி இதே வகுப்புதான். அடுத்த வருஷம் உங்க தம்பியும் வந்துடுவான். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு."

விஞ்ஞானி ரோபோவின் சக்கரத்தில் இருந்த தூசியைத் தட்டினான். தம்பி இப்போதே 'அண்ணா' என்று கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டு வருகிறான்.

"மோட்டார்தான்," என்றான் கடைசியில்.

ஸ்பேனர் பெருமூச்சு விட்டாள். சக்கரங்களுக்குப் பெரிய பேட்டரி, மோட்டாருக்குத் தனியாகச் சின்னது. சின்னதைச் சார்ஜ் போடக் கழற்றிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் இரண்டு முழங்கையிலும் பிளாஸ்திரியோடு வந்தான் விஞ்ஞானி.

"என்னண்ணா ஆச்சு?"

"சைக்கிள்ல வந்தேன். எதிர்ல சுவர் வந்துச்சு."

தேர்வாளர் தட்டில் எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார். விஞ்ஞானி சிலிண்டரின் பாதுகாப்புப் பின்னை உருவினான். ரோபோ உருண்டது. நடை பழகும் பிள்ளையோடு போகும் அப்பாவைப் போல அவனும் அதை ஒட்டியே போனான், வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டபடி.

தட்டுக்கு முன்னால் ரோபோ நின்றது. ஸ்பேனர் கண்ணை மூடிக்கொண்டாள்.

புஸ்ஸென்று வெள்ளைப் பொடி பீறிட்டது. தீ அணைந்தது. தேர்வாளரின் மீசையும் நரைத்தது.

"பிரமாதம்பா. மனுஷக் கையே படலையே," என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, கைகுலுக்க வந்தார் அவர். விஞ்ஞானி இடது கையை நீட்டினான்.

"வலது கை?"

"அடிபட்டிருக்கு சார்."

ஸ்பேனருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "மன்னிச்சுடுங்கண்ணா. மோட்டாரை நம்பாம என்னென்னமோ பேசிட்டேன்."

"பரவால்ல. விஞ்ஞானத்தை உலகம் லேட்டாதான் புரிஞ்சுக்கும்."

முகத்துப் பொடியைத் துடைக்கக் கைக்குட்டை தேடிப் தன் பைக்குள் கையை விட்டாள். கையில் வந்தது மோட்டாரின் பேட்டரி, முழு சார்ஜோடு.

மெல்லத் திரும்பி ரோபோவைப் பார்த்தாள். சிலிண்டர் கைப்பிடியிலிருந்து இறங்கிய கறுப்பு ஒயர் ஒன்று, தரையில் ஓடி விஞ்ஞானியின் பேண்ட்டுக்குள் ஏறிப் போயிருந்தது.

"அண்ணா," என்றாள் தேர்வாளர் காதில் விழாமல், "டிக்கெட் எங்க குடுக்கறாங்க?"