துபாஷி கற்ற புது மொழி

துபாஷி என்று ஒரு பொது மென்பொருள் இருந்தது. ஒரே கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கும் ஹைப்பர்வைசர்கள் ஆளுக்கொரு மொழி பேசும். அதையெல்லாம் வெளியுலகுக்கு எடுத்துச் சொல்வது துபாஷிதான். கூலி கிடையாது. யார் வந்து கேட்டாலும் முடியாது என்று சொல்லவும் வராது.

ஒருநாள் வேங்கை என்ற புது ஹைப்பர்வைசர் வந்து நின்றது. "அண்ணே, என் மொழியையும் கத்துக்குங்க. இல்லேன்னா என்னை யாரும் சீண்ட மாட்டாங்க."

துபாஷியின் தலையில் இடமில்லை. எதையாவது மறந்தால்தான் உண்டு. மூலையில் கிடந்த பாறை என்ற கிழட்டு ஹைப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தது.

"என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு குடித்தனம்," என்றது பாறை. "ஒரு ஆஸ்பத்திரியோட கணினி. நீயும் கைவிட்டா நாங்க செத்த மாதிரிதான், தம்பி."

துபாஷி தலையைக் குனிந்துகொண்டு பாறையின் மொழியை மறந்தது. பாடுபட்டுப் புது மொழியைக் கற்றது. கற்று முடித்து வந்தபோது வேங்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

"எங்க கம்பெனியையே மூடிட்டாங்கண்ணே. தப்பா நினைக்காதீங்க."

துபாஷி பாறையிடம் ஓடியது. பாறை எதையோ கெஞ்சிக் கேட்டது, திரும்பத் திரும்பக் கேட்டது. துபாஷிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.