பதினோராவது பெயர்

புயலுக்குத் தப்பி வந்த படகின் பதிவை, மீன்வளத் துறை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெனிட்டா அக்கா கணினியில் திறந்தாள். அதன் கீழே அதில் போன பதினோரு பேரின் பெயர்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ‘காணவில்லை.’

“படகு வந்தாச்சுல்லா? மேல ‘திரும்பியது’ன்னு மாத்து. கீழ உள்ள பேரு மொத்தமும் தானா மாறிரும்,” என்றார் அதிகாரி.

சன்னலுக்கு வெளியே நின்ற சகாயமேரி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “எங்க வீட்டுக்காரரு வரல்ல மக்ளே. மாத்திட்டா தேட மாட்டாவ.”

அக்கா படகின் வரியைத் தொடவில்லை. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். உப்புப் படிந்த ஓர் ஆள் முன்னே வந்து “இருக்கேன்” என்ற பிறகே அவருடைய வரியை மாற்றினாள். பத்து வரிகள் மாறின. பதினோராவதாக, சகாயமேரியின் வீட்டுக்காரர் பெயரைக் கடலுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். அந்த வரியை மாற்றாமலே சேமித்தாள்.

“இன்னும் ஒருத்தரத் தேடணும்னு சொல்லுதேன்,” என்று அதிகாரி தொலைபேசியை எடுத்தார்.