சிவப்பு மருந்து

காலை வெயில் முடிதிருத்துபவரின் இடது கையில் விழுந்திருக்கிறது. நர்ஸ் அருகில் அமர்ந்து, சிரிஞ்சில் இருக்கும் சிவப்பு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கையில் ஏற்றுகிறாள். நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே புண்ணாக்கிவிடும் மருந்து. அவள் பார்வை ஊசி ஏறிய இடத்தைவிட்டு நகரவில்லை. "லேசா எரிஞ்சாலும் உடனே சொல்லணும்ணே. யூரின் செவப்பா போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க." "முடி?" என்று அவர் கேட்கிறார். "ரெண்டு மூணு வாரத்துல கொட்டிடும். வேகமா வளர்ற செல்லையெல்லாம் இது அழிக்கும். கேன்சர் எது, முடி எதுன்னு இதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. மருந்து முடிஞ்சதும் திரும்ப வளரும்." முப்பது வருடமாக ஊருக்கே முடிவெட்டியவர் சிரிக்கிறார். "கடைசில நம்ம தொழில்லயே கை வைக்குதே!" நர்ஸும் சிரிக்கிறாள், ஆனால் மருந்தைத் தள்ளும் கட்டைவிரலின் நிதானம் மாறவில்லை. மறுபக்கம் நிற்கும் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "கொட்டுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நானே எடுத்து விடுறேன்." "உனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமா?" "கத்தியே வேணாம்க்கா, மெஷின் போடுங்க," என்று நர்ஸ் குறுக்கிடுகிறாள். "ரத்த அணு குறையும், சின்னக் கீறல் விழுந்தாலும் சீழ் பிடிச்சுடும்." மனைவி தலையாட்டிவிட்டு, எங்கே தொடங்குவது என்று பார்ப்பதுபோல அவர் முடிக்குள் விரல்களை நுழைக்கிறாள். இத்தனை வருடம் தன் முன்னால் உட்கார்ந்தவர்களைப் போலவே, அவர் கண்ணை மூடி, தலையை அவள் கையில் விட்டுவிடுகிறார்.