கன்னியம்மா போடாத கையெழுத்து

"தெருவே கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி, அக்கா."

ஜெயஸ்ரீ துணியை விரித்துப் பிடித்தாள். இடுப்பிலிருந்த அம்மு எட்டிப் பேனாவைப் பிடுங்கினாள். ஜெயஸ்ரீ குழந்தையின் கையில் பட்டென்று ஒன்று வைத்துப் பேனாவை வாங்கி, கன்னியம்மாவிடம் நீட்டினாள்.

கன்னியம்மா அடி வாங்கிய அந்தப் பிஞ்சுக் கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மறுபடி மீன் செதிலைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

"நான் போட மாட்டேன், போ."

திருவொற்றியூரில் அந்தக் குப்பத்துக்கு அது பெரிய வாரம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்பெனிக்காரன் கடலுக்குப் போகிற வழியை மறித்து மதில் எழுப்பினான். சனம் மொத்தமும் போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. ஏழு நாள். ஒரு கல் பறக்கவில்லை, ஒரு கண்ணாடி உடையவில்லை. எட்டாம் நாள் மதிலை இடித்து வழி விட்டார்கள்.

அதற்காகத்தான் வருடா வருடம் அகிம்சை வாரம். கடைசி நாள் கூட்டத்தில், அன்றைக்கு ஏழு நாளும் விட்டுப் போகாமல் உட்கார்ந்த பெண்களுக்குச் சால்வை போடுவார்கள். அவர்கள் முன்னே நடக்க, ஊரே அந்த வழியாகக் கடலுக்குப் போகும்.

பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஜெயஸ்ரீக்கு இந்த வருடம்தான் கமிட்டியில் வேலை கொடுத்திருந்தார்கள். அவள் விடுவாளா? நாலு முழம் வெள்ளைத் துணி வாங்கி, அழகான கையெழுத்தில் உறுதிமொழி எழுதினாள். 'நான் இதுவரை யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. இனியும் அடிக்க மாட்டேன்.' அடியில் முதல் கையெழுத்தும் அவளுடையதுதான்.

"ஏன் போட மாட்டீங்க?"

"மொத வரி எனுக்குப் பொய்ம்மே. ஒர்த்தனை அட்ச்சிக்கீறேன்."

"யாரை?"

"அத்த உன்கிட்ட இன்னாத்துக்குச் சொல்லணும்? மீனு வாங்கறதா இருந்தா நில்லு."

சாயங்காலம் குழாயடியில் இதே பேச்சுத்தான். மீன் விற்கும்போது கன்னியம்மா வாயைத் திறந்தால் பெட்டியிலிருக்கிற ஐஸ் உருகிவிடும் என்றாள் ஒருத்தி. செத்துப்போன புருஷனைத்தான் போட்டு வெளுத்திருப்பாள் என்றாள் இன்னொருத்தி. இல்லை, மருமகனாம். அடி விழுந்த ஆளின் பெயர் குடத்துக்குக் குடம் மாறியது.

ஜெயஸ்ரீக்கு மனசு ஆறவில்லை. அடித்தேன் என்று தன் வாயாலேயே சொல்கிறவளுக்கு அகிம்சைச் சால்வையா? நேரே கமிட்டித் தலைவர் லூயிஸ் வீட்டுக்குப் போனாள்.

துறைமுகத்தில் வேலை பார்க்கிற மனிதர். கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார் என்று பிள்ளைகள் கேலி பேசும். அந்த ஏழு நாளும் இளவட்டங்களைக் கட்டுக்குள் வைத்திருந்தது அவர்தான் என்று ஊரே சொல்லும்.

"சால்வை லிஸ்ட்லேர்ந்து கன்னியம்மா அக்கா பேரை எடுத்துடலாம்ணா," என்று விஷயத்தைச் சொன்னாள்.

லூயிஸ் துணியை வாங்கி அந்த முதல் வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரை அடிச்சேன்னு சொல்லுச்சா?"

"அதை மட்டும் சொல்லலை."

"பேரு இருக்கட்டும்மா."

இப்படி இளகின மனசாக இருந்தால் கமிட்டி நடத்த முடியுமா என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள் ஜெயஸ்ரீ.

கடைசி நாள். மேடைக்குப் பின்னால் துணியைக் கட்டியிருந்தார்கள். கன்னியம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. அவளும் கடைசி வரிசையை விட்டு அசையவில்லை. எனுக்கு வாணாம், அடுத்த ஆளைக் கூப்புடு என்று அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

லூயிஸ் மைக்கை வாங்கினார்.

"அஞ்சாம் நாளு கம்பெனி ஆளுங்க வந்து கஞ்சி அண்டாவைக் கவுத்தாங்க. நிறைமாசமா இருந்த என் அக்காவைப் புடிச்சுத் தள்ளுனாங்க. எதிர்ல போலீசு. ஒரு கல்லு பறந்தா போதும், எல்லாரையும் அடிச்சு விரட்டிக் கேஸ் போட்டுருவாங்க. மதிலும் அப்படியே நின்னுருக்கும். அப்போ ஒருத்தன் தண்ணி லாரிக்குப் பின்னாடி போயி, லுங்கியில கல்லைப் பொறுக்கினான். இந்தக் கன்னியம்மா அக்கா பின்னாலயே போயி, விட்டுச்சு பாரு ஒரு அறை. கல்லெல்லாம் கீழ கொட்டிடுச்சு."

லூயிஸ் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"'உங்கக்கா அழாம குந்திக்கீறா, உனுக்கு இன்னாடா'ன்னுச்சு. அவன் திரும்பி வந்து பசங்களோட பசங்களா உக்காந்தான். யாரும் பாக்கலை. கன்னியம்மா அக்காவும் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை."

லூயிஸ் தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான் விழுந்துச்சு."

"அத்தப் போயி மைக்குல சொல்லிக்கினு கீறியே நைனா," என்று பின்னாலிருந்து கன்னியம்மா சலித்துக்கொள்வது எல்லாருக்கும் கேட்டது.

தலைவர் என்று தனக்குப் போட்டிருந்த சால்வையை லூயிஸ் மடித்து நாற்காலியில் வைத்தார். கீழே இறங்கிப்போய், வர மாட்டேன் என்றவளைக் கைப்பிடித்து மேடைக்குக் கூட்டிவந்தார். பிறகு துணியிடம் போய்த் தன் கையெழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அழுத்தி ஒரு கோடு போட்டு அடித்தார்.

"நெனப்பால கல்லை எறிஞ்சவன் நானு. இதுல இருக்கக் கூடாது."

பேனாவை மூடப் போனவரிடம் ஒரு கை நீண்டது.

இடுப்பில் அம்முவோடு, கண் அந்த முதல் கையெழுத்தின் மேல் இருக்க, அடுத்த ஆளாக ஜெயஸ்ரீ நின்றிருந்தாள்.