மூன்றாவது பெட்டி

"அந்த மூணாவது பெட்டியை நான் சேக்கப்போறதில்லை. நீ கண்டும் காணாம இருந்துடு, உனக்குப் புண்ணியமாப் போகும்!" காபி மெஷின் ஓரமாக நின்று கிசுகிசுத்தான் அந்தப் புரோகிராமர்.

"ஆபீஸ்ல என்னை நீ, வா, போன்னு பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது? யார் காதுலயாவது விழுந்தா வம்பு" என்றாள் அவன் மனைவி.

ஆமாம், மனைவிதான். கல்யாணமாகி மூன்று மாதம். ஆனால் அந்த ஆபீசில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. கணவனும் மனைவியும் ஒரே கிளையில் இருக்கக் கூடாது, ஒருவரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்பது தலைமை அலுவலகத்தின் கட்டளை. அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டி, ஓரம் கிழிந்தால் மறுபடி ஒட்டுபவர் எச்.ஆர். மேடம். புது மாப்பிள்ளை ஒரு ஊரிலும் புதுப்பெண் ஒரு ஊரிலுமா குடித்தனம் நடத்துவது? அதனால் ஆபீசில் இருவரும் எலியும் பூனையுமாக நடித்துக்கொண்டிருந்தார்கள். யோசனை அவளுடையது. "எப்பப் பாரு சண்டை போட்டுக்கிட்டே இருந்தா எவனுக்கும் சந்தேகம் வராது" என்று சொல்லியிருந்தாள்.

இந்த நிம்மதிக்கு உலை வைக்க வந்து சேர்ந்தது அந்தப் புது டேட்டாபேஸ். தகவல்களைத் தனித்தனிக் கிராஃபாக, அதாவது தனித்தனித் தொகுப்பாக வைத்திருக்கும். வாயில் நுழைவதற்காக ஆபீசில் அந்தத் தொகுப்பு ஒவ்வொன்றையும் 'பெட்டி' என்பார்கள். கணக்குப் பெட்டியில் எல்லோர் வீட்டு விலாசமும் இருக்கும். போன் பெட்டியில் யார் நம்பர் எது என்று இருக்கும். மூன்றாவதான இன்சூரன்ஸ் பெட்டியில், ஆபத்து என்றால் எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று இருக்கும். ஒரு பிரிவின் பெட்டியை இன்னொரு பிரிவு எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்தால், மெஷின் எல்லாப் பெட்டிகளையும் சேர்த்துப் பார்த்து, யாரும் எழுதிவைக்காததைக்கூடத் தானே ஊகித்துப் புதுப் பெட்டியில் போட்டுவிடும்.

எந்தெந்தப் பெட்டியைச் சேர்ப்பது என்று செட் பண்ணுவது அவன் வேலை. சரிபார்ப்பது டெஸ்டரான அவள் வேலை. கஸ்டமரின் தகவல் இன்னும் வந்தபாடில்லை. அதனால் சோதனைக்குச் சொந்த ஆபீஸ் தகவலையே எடுத்துக்கொண்டார்கள். விதி இதுதான்: இரண்டு பேருக்கு ஒரே விலாசமாக இருந்து, ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவரைக் கூப்பிடச் சொல்லியிருந்தால், அவர்கள் ஒரே குடும்பம்.

"ஆபத்துக்கு என் நம்பரைக் குடுன்னு உன்னை யார் கேட்டா?" என்றாள் அவள்.

"எனக்கு ஒண்ணுன்னா வேற யாரைக் கூப்பிடுவாங்க? எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதானே."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும், ரொம்ப வழியாதே" என்று கோப்பையை வைத்துவிட்டு நடந்தாள்.

மீட்டிங் அறையில் மேனேஜர் காத்திருந்தார். எச்.ஆர். மேடமும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏன்ப்பா, எல்லாப் பெட்டியையும் சேர்த்தே ஆகணுமா? ரெண்டு போதாதா?" என்றார் மேனேஜர்.

அவன் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "தாராளமாப் போதும் சார்!"

"அதானே! அவங்கவங்க வீட்டு விஷயத்தைக் கிண்டிக் கிளறி என்ன ஆகப்போகுது?" என்ற மேடம், சட்டென்று மேனேஜர் பக்கம் திரும்பினார். "அந்த ஏசியைக் கொஞ்சம் குறைங்க சார். ஆபீசா, ஐஸ் பெட்டியா?"

"உங்களுக்குக் குளிர்ந்தா ஸ்வெட்டர் போட்டுக்கங்க மேடம். எனக்கு வேர்க்குது!"

இந்த இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டால் ஆபீசுக்கே பொழுதுபோக்கு. அந்த அமளியிலேயே அவன் இரண்டு பெட்டிகளை மட்டும் சேர்த்து ஓட்டினான். புதுப் பெட்டி காலியாக வந்தது.

"பேஷ்! ஒண்ணுமே வரலைன்னா ஒரு குழப்பமும் இல்லைன்னு அர்த்தம். எழுந்திரிங்க, போகலாம்" என்றார் மேனேஜர்.

"இல்லை சார்" என்றாள் அவள். "காலியா வந்தா விதி வேலை செய்யுதான்னே தெரியாது. நாளைக்குக் கஸ்டமர் முன்னாடி இதையே காட்டினா இவர் மானம்தான் போகும். இதுக்காக மாசக்கணக்கா மண்டையை உடைச்சிருக்கார்."

அவன் கண்ணாலேயே வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சினான். அவள் அவனையே பார்த்தாள். அத்தனை பாசம் அந்தப் பார்வையில். பிறகு எட்டி, மூன்றாவது பெட்டியைச் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

திரையில் ஒரு வரி விழுந்தது. பெயர்களை மறைத்துப் பதவிகளை மட்டும்தான் அது காட்டும்.

'புரோகிராமர், டெஸ்டர்: ஒரே குடும்பம்.'

அவன் எழுந்து நின்றான். "மன்னிச்சுக்கங்க சார். மறைச்சது தப்புதான். பிரிஞ்சு இருக்க மனசு வரலை. மாத்தறதா இருந்தா என்னை மாத்துங்க, இவ இங்கேயே இருக்கட்டும்."

"அதெல்லாம் வேணாம், என்னை மாத்துங்க" என்று அவள் எல்லோர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜர் கத்துவார் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவரோ அந்தக் குளிரிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, திரையில் அடுத்ததாக விழுந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்.ஆர். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு மேனேஜரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னங்க, நேத்து சோறு போடும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, அந்த மூணாவது பெட்டியைச் சேக்க விடாதீங்கன்னு... இந்தப் பதினாறு வருஷத்துல என் பேச்சை என்னிக்குக் கேட்டிருக்கீங்க?"